பூங்காவிலேயே பறவை பார்க்கலாம்

பிள்ளைகளோடு டிசம்பரில் கூடலூர் வழியாக ஊட்டி போகிறோம். காட்டுக்குள் போகாமல், பூங்காக்களிலேயே நல்ல பறவைகளைப் பார்க்க முடியுமா?
- வாசகி, ஈரோடு

தாராளமாக! டிசம்பர் மிக நல்ல மாதம். வலசைப் பறவைகளும் வந்திருக்கும்.

கூடலூரைத் தாண்டி ஓடாதீர்கள். ஒரு காலைப்பொழுதை நாடுகாணி ஜீன்பூல் பூங்காவுக்குக் கொடுங்கள். ஊட்டியைவிட இந்தப் பக்கம் ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வு, அதனால் பறவைகளும் வேறு. உயர்ந்த மரங்களில் யாரோ கெக்கலித்துச் சிரிப்பதுபோல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள்: மலபார் சாம்பல் இருவாச்சி. பழமரம் ஒன்றைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். தேடி அலைவதைவிட அதுவே பலன் தரும்.

1848-இல் உருவான ஊட்டி தாவரவியல் பூங்காவில் எல்லோரும் புல்வெளியோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் மேலே, சோலையை ஒட்டிய பகுதிக்கு ஏறுங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையில் வந்து அமரும். புதரடியில் கருப்பும் ஆரஞ்சுமாக ஒரு சிறு குருவி தெரிந்தால் அசையாதீர்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் மட்டுமே வாழ்வது. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் இதே முறைதான்.

பூங்கா திறந்ததும் நுழைந்துவிடுங்கள்; பத்து மணிக்குமேல் கூட்டம்தான். பிள்ளைகள் கையில் பைனாகுலரைக் கொடுங்கள். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது மட்டும் வேண்டாம், அது அவற்றை அலைக்கழிக்கும்.