நின்ற பிள்ளை மறுபடி பள்ளி செல்ல: ஜவ்வாது மலைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சாமை அறுக்க ஆள் இல்லை என்று பிள்ளையை நாலு நாள் வீட்டில் நிறுத்துகிறோம். அப்புறம் புளி உலுக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓடையில் தண்ணீர் போகிறது என்று நாட்கள் நீள்கின்றன. ஒரு மாதம் கழிந்த பின் பள்ளிக்கு அனுப்பவே பயமாகிவிடுகிறது. ‘பேரை அடித்திருப்பார்கள், அபராதம் கேட்பார்கள், சார் திட்டுவார்’ என்று நினைத்தே பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு முடிந்துபோகிறது.

இந்தப் பயம் தேவையில்லை. நின்ற பிள்ளை எந்த நாளிலும் பள்ளிக்குத் திரும்பலாம். அதற்கான வழியை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 8ஆம் வகுப்பு வரை இலவசக் கல்வி உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தக் கடமை தவறினால் அபராதம் என்றோ சிறை என்றோ இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ‘கட்டாயம்’ என்ற சொல்லின் பாரம் அரசின் தோளில்தான் இருக்கிறது. பிள்ளை சேர்ந்ததா, தினமும் வருகிறதா, படிப்பை முடித்ததா என்று பார்த்து உறுதிசெய்வது அரசின் பொறுப்பு.

இங்கிலாந்தில் காரணமில்லாமல் பள்ளிக்கு மட்டம் போட்டால் பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதச் சீட்டு வரும். கட்டத் தவறினால் வழக்கும் வரலாம். நம் சட்டம் அந்த வழியில் போகவில்லை.

மனதில் வைக்க வேண்டியவை:

- 8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. நாள் கணக்கில் வரவில்லை என்று பேரை அடிப்பதும் நீக்குவதுதான்.
- பிள்ளையை அடிப்பதும், மனம் நோகப் பேசுவதும் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை.
- தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை.

2. லீவு போட வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்

காய்ச்சல், அறுவடை, ஊர்த் திருவிழா என எதுவானாலும் வகுப்பாசிரியரிடம் நேரிலோ போனிலோ சொல்லிவிடுங்கள். எழுதத் தெரிந்தவரைக் கொண்டு இரண்டு வரி எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. என்றைக்குத் திரும்ப வரும் என்ற தேதி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் வராத பிள்ளையை இடைநின்ற பிள்ளையாகக் கணக்கில் எடுப்பது கல்வித்துறையின் வழக்கம். அதன் பிறகு ஆசிரியர் பயிற்றுநரோ வேறு அலுவலரோ உங்கள் வீடு தேடி வரலாம். பிள்ளையை அழைத்துப் போகத்தான் வருகிறார்கள். அவர்களைக் கண்டு காட்டுப்பக்கம் ஒதுங்கவும் வேண்டாம், பிள்ளையை ஒளித்துவைக்கவும் வேண்டாம். பேருந்து இல்லையா, விடுதியில் பிள்ளை அழுகிறதா, சான்றிதழ் இல்லையா, எது தடையோ அதை அவர்களிடமே சொல்லுங்கள்.

3. நின்ற பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும் முறை

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியரிடம் போங்கள். பழைய பள்ளிக்கே போனால் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. அங்கே போக விருப்பமில்லை என்றால் வேறு அரசுப் பள்ளியிலும் சேர்க்கலாம். மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன, வனத்துறை நடத்தும் பள்ளிகளும் உள்ளன.

‘ஆண்டு பாதி போய்விட்டது, ஜூனில் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்ப முடியாது. 15ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வர நாளானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பள்ளிக் கணினிப் பதிவில் பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் எமிஸ் எண் கைவசம் இருந்தால் பழைய விவரங்களைக் கணினியிலேயே எடுத்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று ஆண்டு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். 11 வயதுப் பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தால் வெட்கத்தில் மறுபடி நின்றுவிடும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் பிள்ளையின் உரிமை. 14 வயது தாண்டினாலும் 8ஆம் வகுப்பை முடிக்கும்வரை அந்த இலவசக் கல்வி தொடரும்.

4. தாள் இல்லை என்று திரும்பி வராதீர்கள்

வீட்டில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் வாங்காமல் விட்ட பிள்ளைகள் மலையில் உண்டு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என 14ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளியில் சேர ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அப்புறம் தாள்களைத் தேடுங்கள். அவற்றில் முக்கியமானது பழங்குடியினர் சாதிச் சான்றிதழ். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதியலாம், சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பெற்றோரின் சான்றிதழோ நெருங்கிய உறவினரின் சான்றிதழோ இருந்தால் நகலை இணையுங்கள். பிளஸ் டூ முடித்த பிறகு இதற்காக அலைந்து கல்லூரி இடத்தை இழப்பதைவிட, பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கிவைப்பது நல்லது.

5. வெளியூர் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு

மலையில் வேலை இல்லாத மாதங்களில் கேரளா, குடகு, திருப்பூர் என்று குடும்பத்தோடு இறங்குகிறோம். பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் அறுவது அங்கேதான். கிளம்பும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

- பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியிலோ அரசு விடுதியிலோ விட்டுச் செல்ல முடியுமா என்று தலைமை ஆசிரியரிடமும் காப்பாளரிடமும் கேளுங்கள். நடுநிலை வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன.
- கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள். கேட்டதும் தர வேண்டும். போகும் ஊரில் இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது அங்குள்ள அரசின் கடமை.
- முன்பணம் தரும் மேஸ்திரியிடம், பிள்ளை வேலைக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கைநிறையக் கூலி என்று ஆசைகாட்டி, என்ன வேலை என்று சொல்லாமல் இளைஞர்களை அழைப்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினர் சுட்டதில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழர்கள் 20 பேர் இறந்தனர். அவர்களில் நம் மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனைத் தரகர் எளிதில் கூட்டிப்போக முடியாது.

6. தண்டனை எங்கே வரும்

பள்ளிக்கு வராததற்குத் தண்டனை இல்லை. ஆனால் நின்ற பிள்ளையை எங்கே அனுப்புகிறோம் என்பதில் இரண்டு சட்டங்கள் குறுக்கே வரும்.

முதலாவது, குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். வேலைக்கு அனுப்பிய பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை, மறுமுறை பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ சொந்தக் கொல்லையில் ஆபத்தில்லாத வேலைக்கு ஒத்தாசை செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை.

இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால், நடத்தியவருக்கும் துணைநின்ற பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பெண்களுக்குச் சிறை இல்லை என்றாலும் அபராதம் உண்டு.

7. பள்ளியே மறுத்தால்

வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள்:

‘என் மகள் (பெயர்), வயது 12, (ஊர்). 6ஆம் வகுப்பில் இடையில் நின்றுவிட்டாள். (தேதி) அன்று சேர்க்கப் போனபோது (சொன்ன காரணம்) என்று சேர்க்க மறுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டுகிறேன்.’

இரண்டு படி எடுத்து, ஒன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டிய இடங்கள்:

- பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.
- வட்டாரக் கல்வி அலுவலர். உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத்துறை அலுவலரும்.
- திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம்.

மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை; புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கம் திருப்பத்தூர்; பீஞ்சமந்தை பக்கம் வேலூர். உங்கள் ஊருக்கு எந்த மாவட்டமோ அங்கேயே மனு கொடுங்கள், வீண் அலைச்சல் இருக்காது. கல்வி உரிமை மீறல் பற்றிய எழுத்துப் புகாருக்கு 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். போனில் கேட்க, கல்வி உதவிக்கு 14417, குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

8. எட்டைத் தாண்டிய பிள்ளைகள்

ஒன்பதிலோ பத்திலோ நின்றுவிட்டால் மறுபடி பள்ளியிலேயே சேர்ப்பதுதான் முதல் வழி. முடியாதபோது பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தொழில் கற்க ஆசைப்பட்டால் ஜமுனாமரத்தூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். நடுவில் படிப்பை விட்டவருக்கு இந்தப் பணம் கைக்கு எட்டாது.

ஜவ்வாது மலைப் புலியூரின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தியை 2024 பிப்ரவரியில் நாடே பார்த்தது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றே அவருடைய குடும்பம் ஏலகிரிக்குக் குடிபெயர்ந்தது. எல்லாக் குடும்பத்தாலும் அப்படிக் குடிபெயர முடியாது. குடிபெயராமலேயே நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளை படித்து மேலே வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சட்டமும் இத்தனை அலுவலகங்களும் இருக்கின்றன. கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் பிள்ளை நின்று எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் சரி, நாளைக் காலையில் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிச் செல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நின்றிருந்தால் அதையும் சேர்த்தே கூட்டிப் போங்கள்.