பணம் தரும் யந்திரமும் அட்டைக் களவும்

பூட்டுச் செய்பவனும் பூட்டைத் திறக்கும் கள்வனும் நேரிற் சந்திப்பதில்லை. ஆயினும் ஒருவன் வித்தையை மற்றவன் கற்பதும், கற்று அதனை வெல்ல முயல்வதும் தொன்றுதொட்டு நிகழ்ந்து வருகின்றன. அவ்விருவர் போட்டிக்கு நம் காலத்தில் வாய்த்த களம், ஏ.டி.எம். என்று யாவரும் வழங்கும் பணம் தரும் யந்திரமாகும். அதன் அட்டை வாயிலிலே கள்வர் சிறு கருவியொன்றைப் பொருத்தி, அட்டையிலுள்ள விவரங்களைக் கவர்ந்து, போலி அட்டை செய்து பிறர் பணத்தை எடுத்துக்கொள்ளுதல் ‘ஸ்கிம்மிங்’ எனப்படும். பாலின் மேற்படியும் ஆடையை வழித்தெடுத்தலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இது. ஆடை போன பின்னும் பாத்திரத்திற் பால் இருப்பது போலவே, இக்களவு நிகழ்ந்த பின்னும் அட்டை உரியவர் கையிலேயே இருக்கும். கணக்கிலுள்ள பணம் மட்டும் போய்விடும். இக்களவைத் தடுப்பதற்கு அட்டை படிக்கும் கருவியை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதல் யந்திரம்

1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள், லண்டன் மாநகரின் வடபாலுள்ள என்ஃபீல்டு என்னுமிடத்தில் பார்க்ளேஸ் பாங்கியார் பணம் தரும் யந்திரமொன்றைத் திறந்து வைத்தனர். இவ்வகை யந்திரங்களுள் இதுவே முதலாவது எனப் பெரும்பாலோர் கொள்வர். அதனை அமைத்தவர் ஜான் ஷெப்பர்டு-பாரன் என்பவர். 1925-ல் நம் நாட்டு ஷில்லாங் நகரிற் பிறந்தவர். அவ்யந்திரத்திற்கு இன்று நாம் காணும் பிளாஸ்டிக் அட்டை இல்லை. பாங்கியில் முன்னரே பெற்றுக்கொண்ட, காசோலை போன்ற தாளொன்றை அதில் இடவேண்டும். அத்தாளிற் கார்பன்-14 என்னும் கதிர்வீசும் பொருள் மிகச் சிறிதளவு சேர்க்கப்பட்டிருந்தது. யந்திரம் அதனை உணர்ந்து, இரகசிய எண்ணையும் ஒத்துப் பார்த்து, 10 பவுன் கொடுக்கும். தாளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இரகசிய எண் ஆறிலக்கமாக இருக்கலாமெனத் தாம் எண்ணியதாகவும், நான்கிலக்கத்திற்கு மேல் தம்மால் நினைவிற் கொள்ள இயலாதென்று தம் மனைவியார் சொன்னமையால் அதனை நான்காகக் குறைத்ததாகவும் அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார்.

இங்கே நாம் கருத வேண்டுவது யாதெனின், அத்தாள் ஒரு முறைக்கே உரியது என்பதாம். பணம் பெற்றவுடன் தாள் போய்விடும். மறுமுறை வேறு தாள் வேண்டும். இது வாடிக்கையாளருக்குத் தொல்லையாயிற்று. 1972-ல் லாயிட்ஸ் பாங்கியார் ஐ.பி.எம். கம்பெனியார் செய்த யந்திரத்தை எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள பிரென்ட்வுட் என்னும் ஊரில் நிறுவினர். அது காந்தப் பட்டை ஒட்டிய அட்டையைப் படித்துப் பணம் தந்து, அட்டையையும் உரியவரிடமே திருப்பித் தந்தது. தொல்லை நீங்கிற்று; ஆனால் ஸ்கிம்மிங்குக்கு வாயிலும் திறந்தது.

காந்தப் பட்டையின் இயல்பு

அட்டையின் பின்புறத்துக் கரிய பட்டையிலே மூன்று தடங்கள் உண்டு. யந்திரம் பெரிதும் நாடுவது இரண்டாவது தடம். அதில் அங்குலத்துக்கு 75 பிட் வீதம், 40 குறிகளுக்கு மிகாமல் எழுதப்பட்டிருக்கும்: கணக்குக்குரிய அட்டை எண், காலாவதி நாள், மற்றுஞ் சில சரிபார்க்கும் இலக்கங்கள். இவ்வளவே அட்டையின் பொருளடக்கம். எத்தனை முறை படித்தாலும், எவர் படித்தாலும், அது சொல்வது அதே 40 குறிகளைத்தான். வினவுபவர் பாங்கியாரோ கள்வரோ என்று அதற்குத் தெரியாது.

அவ்வெழுத்து எழுதப்படும் முறையும் அறியத்தக்கது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் காந்தத்தின் திசை ஒருமுறை மாறும். பிட் 1 ஆயின் நடுவிலும் ஒருமுறை மாறும். 0 ஆயின் நடுவில் மாறாது. எனவே எழுத்தினுள்ளேயே தாளமும் அடங்கியிருக்கிறது. பாடுவோர் சற்று விரைந்தாலும் தாழ்ந்தாலும் தாளம் போடுவோர் உடன் செல்வது போல, கை அட்டையை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் கருவி பிழையின்றிப் படித்துவிடும். வாடிக்கையாளரின் வசதிக்காக அமைந்த இந்த இயல்பே கள்வருக்கும் வசதியாயிற்று. டேப் ரிக்கார்டரில் உள்ளது போன்ற சிறியதொரு ‘ஹெட்’, ஒரு பாட்டரி, சிறிது நினைவுச் சில்லு ஆகிய இவை போதும். அட்டை வாயிலின் நிறத்திலேயே செய்த பிளாஸ்டிக் மூடிக்குள் இவற்றை அடக்கி, வாயிலின்மேல் ஒட்டிவிடுகின்றனர். இரகசிய எண்ணை அறிய மேலே ஒரு சிறு காமிராவை மறைப்பர். அல்லது எண்பலகையின்மீது போலிப் பலகையொன்றைப் பொருத்துவர். அட்டை போலிக் கருவியைக் கடந்து உண்மைக் கருவிக்குட் செல்லும். பணமும் ஒழுங்காக வரும். வாடிக்கையாளர் ஐயுறுவதற்கு இடமே இல்லை.

தடுக்கும் உபாயங்கள்

யந்திரம் அமைப்போர் கைக்கொண்ட முதல் உபாயம், வாயிலின் வடிவத்தை மாற்றுதல். மேடுபள்ளங்களும் வளைவுகளும் கொண்ட முகப்பைப் பொருத்தினால் அதன்மேல் வேறொன்றை ஒட்டுதல் அரிது. சில முகப்புக்களை ஒளி புகும் பிளாஸ்டிக்கினாற் செய்து, உள்ளே விளக்கும் வைத்தனர். ஆனால் விந்தையான முகப்பைக் கண்டு பழகிய மக்கள், அதன்மேல் இன்னொரு விந்தையைக் கண்டாலும் ஐயுறுவதில்லை. கள்வர் அத்தடுப்பு முகப்பையே பார்த்து அதுபோலச் செய்து, அதனுள்ளே தம் கருவியை வைத்தனர். காவலனது உடையே கள்வனுக்கு வேடமாயிற்று.

இரண்டாவது உபாயம், அட்டையின் ஓட்டத்தை ஒழுங்கறச் செய்தல். மோட்டாரினால் அட்டையை உள்ளிழுக்கும் யந்திரங்களில், அட்டை வாயிலைக் கடக்கும்போது அதனைத் திடீரென நிறுத்தியும், சிறிது பின்வாங்கியும், மீண்டும் இழுத்தும் நடுங்கச் செய்வர். பாடகர் இடையிலே நின்று, பாடிய அடியையே பின்னிருந்து தொடங்குவாராயின் தாளம் தவறுவது போல, வாயிலில் உள்ள கள்ளக் கருவி எழுத்தைத் தவறவிடும். உண்மைக் கருவியின் ஹெட் உள்ளே தொலைவில் இருத்தலின், அட்டை சீராக ஓடும்போது அது படித்துக்கொள்ளும். எளிதும் நுட்பமுமான உபாயம் இது. ஆயினும் கையாலேயே அட்டையைச் செருகி எடுக்கும் யந்திரங்களுக்கு இது பயன்படாது. மேலும் கள்வர் பிட்டுக்களை அப்போதே பிரித்தறிய முயலாமல், ஹெட்டில் எழும் மின்னலையை ஒலிப்பதிவு போல அப்படியே பதிந்துகொண்டு, பின்னர் ஓய்வாக இருந்து கம்ப்யூட்டரில் ஆராயத் தலைப்பட்டனர்.

மூன்றாவது, வாயிலைச் சுற்றிக் குழப்பமான காந்தப் புலத்தை எழுப்புதல். இரைச்சல் மிகுந்த சந்தையில் மெல்லிய பேச்சுக் கேளாதவாறு போல, அப்புலத்தினிடையே அட்டையின் மெல்லிய காந்தக் குறி கள்ளக் கருவிக்குப் புலப்படாது. இதற்கும் கள்வர் மாற்றுக் கண்டனர். இரண்டு ஹெட் கொண்ட கருவி செய்து, ஒன்றால் அட்டையையும் இரைச்சலையும் சேர்த்தும், மற்றொன்றால் இரைச்சலை மட்டும் பதிந்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தனர். பிறர், ஒரு மில்லிமீட்டரினும் குறைந்த கனமுள்ள கருவிகளைச் செய்து, காவற்புலத்துக்கு அப்பால், வாயிலின் உட்புறத்திலேயே செருகி வைத்தனர். அவை வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கே தெரியா.

நான்காவது உபாயம், அமெரிக்காவின் டீபோல்ட் கம்பெனியார் கண்டது. அட்டையைக் குறுகிய பக்கத்தால் நுழையாமல் நீண்ட பக்கத்தால் நுழைக்குமாறு வாயிலை அகலமாக்கினர். இவ்வாறு நுழையும்போது காந்தப் பட்டை வாயிலின் எவ்விடத்திலும் தன் நீளம் முழுவதும் ஓடுவதில்லை. ஓடாத பட்டையைக் கள்வரின் ஹெட் படித்தல் அரிது. அட்டை உள்ளே சென்ற பின்னரே உண்மைக் கருவி அதனைப் படிக்கும்.

இவற்றுடன், பொருத்தப்பட்ட கருவியைக் கண்டுபிடிக்கும் முயற்சியும் ஒன்று குறிப்பிடத்தக்கது. 2018-ல் பிளாரிடா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், நியூயார்க் நகரப் போலீசார் கைப்பற்றிய கள்ளக் கருவிகளை ஆராய்ந்து, அட்டை வடிவிலேயே ஒரு சோதனைக் கருவி செய்தனர். அதன் தத்துவம் மிக எளிது: படிக்க வேண்டிய ஹெட் ஒன்றே, சோதனை அட்டை வழியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹெட்டுக்களை உரசிச் செல்லுமாயின், அங்கே கள்வர் உளர். கள்வர் எவ்வளவு அழகாக மூடியைச் செய்தாலும், ஹெட் இன்றிக் காந்தப் பட்டையைப் படிக்க இயலாதன்றோ? மறைக்கக் கூடியதை விட்டு, மறைக்க இயலாததைத் தேடியதே இதன் சிறப்பு.

திருடியும் பயன்படாத பொருள்

மேற்கூறிய நான்கும் அட்டையின் பேச்சைக் கள்வர் கேளாதபடி தடுப்பன. கேட்டாலும் பயன்படாதபடி செய்வது வேறொரு வழி; அதுவே சிப் அட்டையின் வழி. சிப்பினுள் ஓர் இரகசியத் திறவுகோல் இருக்கிறது. அது வெளியே வருவதில்லை. ஒவ்வொரு முறையும் யந்திரம் புதியதோர் எண்ணைச் சிப்பிடம் தரும். சிப் அவ்வெண்ணையும், தொகையையும், தான் இதுவரை எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கையும் சேர்த்து, திறவுகோலினால் ஒரு விடையைக் கணித்துத் தரும். இன்றைய விடை நாளைக்குச் செல்லாது. என்ஃபீல்டில் யந்திரம் விழுங்கிய தாளின் குணம் இவ்வாறு மீண்டும் வந்தது. வாடிக்கையாளர்க்குத் தொல்லையும் இல்லை. பிரான்சு தேசத்தார் 1992-ஆம் ஆண்டு முடிவதற்குள் தம் பாங்கி அட்டைகள் அனைத்திற்கும் சிப் பொருத்திவிட்டனர். நம் நாட்டில், காந்தப் பட்டை மட்டும் உள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றிவிட வேண்டுமென ரிசர்வ் பாங்கியார் ஆணையிட்டனர். 2019 மார்ச்சுக்குள் யந்திரங்களில் ஸ்கிம்மிங் தடுப்பு அமைக்க வேண்டுமெனவும் பணித்தனர்.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிப் வந்த பின்னும் பழைய யந்திரங்களுக்காகக் காந்தப் பட்டை பின்புறத்திலேயே நின்றது. முன்வாயிலுக்கு இரும்புக் கதவிட்டுப் புழைக்கடையைத் திறந்து வைத்தது போலாயிற்று இது. ஐரோப்பாவில் கவர்ந்த பட்டை விவரங்களைக் கள்வர், சிப் முறை பரவாத அமெரிக்காவிற்குக் கொண்டு சென்று பணமாக்கினர். அங்கே 2015 அக்டோபரில், சிப் படிக்கும் கருவி வையாத கடைக்காரரே போலி அட்டையால் வரும் நட்டத்தை ஏற்க வேண்டுமென அட்டைக் கம்பெனியார் விதித்த பின்னரே அம்முறை விரைந்து பரவிற்று. சிப்பிலும் அமைப்போர் அசட்டையால் குறை நேர்ந்ததுண்டு. யந்திரம் தரும் எண் எவரும் முன்னறிய இயலாததாக இருத்தல் வேண்டும். சில யந்திரங்களோ வரிசையாகவும் எளிதில் ஊகிக்கத்தக்கவாறும் எண்களைத் தந்தன எனக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2014-ல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினர். நாளைய வினா இன்றே தெரியுமாயின் விடையையும் இன்றே பெற்று வைத்துக்கொள்ளலாமன்றோ? காந்தப் பட்டையையே 2033-க்குள் தம் அட்டைகளினின்று முற்றும் நீக்குவதாக மாஸ்டர்கார்டு கம்பெனியார் 2021-ல் அறிவித்தனர்.

நட்டம் யாரைச் சாரும்?

இத்துணை உபாயங்கள் இருந்தும் அவை ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் வந்தமைக்குக் காரணம் விஞ்ஞானம் அன்று. நட்டம் யாரைச் சாரும் என்னும் வினாவே. 1980-ல் நியூயார்க் நகர நீதிமன்றமொன்று, பாங்கியின் கம்ப்யூட்டர் கணக்கு ஒருபுறமும் வாடிக்கையாளரின் வாய்மொழி மற்றொருபுறமும் நின்றபோது, வாடிக்கையாளர் சொல்லையே நம்பித் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலோ பாங்கியார் தம் யந்திரம் தவறாது என்றே பல காலம் வாதித்தனர். பணம் இழந்தவர் பொய்யராகவோ கவனமற்றவராகவோ கருதப்பட்டனர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 1993-ல் எழுதிய கட்டுரையில், யந்திரக் களவுகளுட் பெரும்பாலானவை இரகசியக் கணிதத்தை உடைத்ததால் அல்ல, அமைப்பிலும் நிர்வாகத்திலும் நேர்ந்த பிழைகளாலேயே விளைந்தவை என்று நிறுவினார். பிழையின் விலையைப் பிறர் செலுத்துவாராயின், பிழை செய்தவர் அதனைத் திருத்த விரைவதில்லை என்பதும் அவர் ஆராய்ச்சியால் விளங்கும்.

நம் ரிசர்வ் பாங்கியார் 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில், குறை பாங்கியிடத்தும் வாடிக்கையாளரிடத்தும் இன்றி மூன்றாமவரால் இழப்பு நேர்ந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்த வாடிக்கையாளர்க்குப் பொறுப்பில்லை என்றனர். இவ்விதி வாடிக்கையாளரைக் காப்பதுடன், யந்திரத்தைச் செம்மை செய்யும் ஊக்கத்தைப் பாங்கியார்க்கும் தருவதாகும்.

அட்டை வாயிலை அசைத்துப் பாருங்கள், எண்ணை அழுத்தும்போது மறுகையால் மறையுங்கள் என்று மக்களுக்குச் சொல்லுதல் நன்றே. நாமும் அவ்வாறே செய்வோமாக. ஆனால் ஓய்வூதியம் பெற வரிசையில் நிற்கும் கண்பார்வை மங்கிய முதியவர், வாயிலின் உள்ளே செருகிய மெல்லிய தகட்டை எங்ஙனம் காண்பார்? காணாமையை அவர் குற்றமெனல் நீதியாகுமா? ஆதலின் நம் மாணவருள் நாளை யந்திரம் அமைக்கச் செல்வோர் மூன்றினை மனத்திற் கொள்வாராக. கள்வரை மருட்டும் அமைப்பு நல்லது. கவர்ந்ததைப் பயனற்றதாக்கும் அமைப்பு அதனினும் நல்லது. எளியவரின் விழிப்பை நம்பி நில்லாத அமைப்பே யாவற்றினும் நல்லது.