பழைய எழுத்து மேசையும் புதிய கணினியும்

தோட்ட அலுவலகங்களில் கிராணிமார் செக்ரோல் எழுதிய பெரிய மர மேசைகள், அலுவலகம் புதுப்பிக்கப்படும்போது கழிக்கப்படுவதுண்டு. பிள்ளைகளின் கணினிக்கு ஆகுமென அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவோர் உளர். நல்ல மரம், கொண்டுவருவது நன்றே. ஆனால் கணினியை அதன்மேல் அப்படியே தூக்கி வைத்துவிட்டால், நாளடைவில் பிள்ளைக்குக் கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கலாம்.

எழுத்து மேசை பொதுவாக 30 அங்குல உயரமுடையது. தாளை நோக்கிக் குனிந்து பேனா பிடிப்போருக்கு அது பொருந்தும். கணினியில் அமர்வோரோ கண்ணை நேரே நிறுத்திக் கையைத் தாழ்த்த வேண்டியவர்கள். தோள் தளர்ந்திருக்க, முழங்கை மடங்கும் உயரத்தில் விசைப்பலகை இருத்தல் வேண்டும். அக்காலத்துத் தட்டச்சு மேசைகள் எழுத்து மேசையைவிடத் தாழ்வாகச் செய்யப்பட்டதும் இதனாலேயே.

மேசைக் கால்களை அறுத்துவிடலாமே எனச் சிலர் எண்ணுவர். அறுத்தால் திரையும் சேர்ந்து தாழும், முழங்காலுக்கு இடமிராது. நடு லாச்சியை மாற்றுவதே தக்க வழியாகும். லாச்சியின் முகப்புப் பலகையைக் கழற்றி, கீழ் விளிம்பில் கீல் வைத்துப் பூட்டினால் அது முன்புறம் கவிழ்ந்து திறக்கும். உள்ளே மெல்லிய அடிப்பலகையை எடுத்துவிட்டு, அரை அங்குலப் பலகை ஒன்றைத் திருகாணியால் இறுக்குக. விசைப்பலகைக்குத் தட்டு ஆயிற்று. பிள்ளையை அமரச் செய்து, தொடைக்கும் தட்டுக்கும் இடையே கை தாராளமாக நுழைகிறதா எனப் பார்த்துக்கொள்க.

மவுஸும் அதே தட்டில் இருத்தல் வேண்டும். முழு விசைப்பலகைக்கு ஏறத்தாழ 18 அங்குலமும், மவுஸ் நகர 8 அங்குலமும் தேவை. இடம் போதாவிடின் எண் பகுதி இல்லாத சிறிய விசைப்பலகையை வாங்கலாம். மவுஸை மட்டும் மேலே வைத்தால் ஒரு தோள் எந்நேரமும் உயர்ந்தே நிற்கும்.

பலகைக்கு ரப்பர் மரமே போதும். நாம் சீவும் அதே மரந்தான். 25, 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படுவது. ஆயின் மருந்தேற்றி உலர்த்தாத ரப்பர் பலகையை வண்டு விரைவில் துளைத்துவிடும். விறகுக் குவியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். சன்னல் பக்கவாட்டில் அமைய வேண்டும். எதிரேயோ பின்னேயோ இருந்தால் கண் கூசும். மடிக்கணினியாயின் அதனைக் கட்டை வைத்து உயர்த்தி, தனி விசைப்பலகை இணைத்துக்கொள்க.

கம்பிகள் இறங்க, மேற்பலகையின் பின்புறத்தில் 2 அங்குலத் துளை இடுக. கணினிப் பெட்டியைப் பக்க அறைக்குள் வைத்துப் பூட்டலாகாது; வெப்பம் வெளியேற வழியிராது. இடி மின்னலுக்கு அறிகுறி தெரிந்தவுடன் மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு மறப்பவர்களே அதிகம்.

எஞ்சிய மரத்துண்டுகளைக் கொண்டு சாய்வான கால்பலகை ஒன்று செய்யலாம். சிறு பிள்ளைகளின் பாதம் தரையை எட்டாதல்லவா?