நாட்பட்ட நுரையீரல் நோய்: வீட்டாரும் ஊராட்சியும் அறிய வேண்டியவை

ஊர் நலம் என்பது சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு முடிந்துவிடுவதில்லை. ஊரிலுள்ளோர் தடையின்றி மூச்சு விட்டுத் தத்தம் தொழிலைச் செய்து வாழ்வதும் அதனுள் அடங்கும். நடுவயதைக் கடந்த பலருக்கு நாள்தோறும் இருமலும் சளியும் இருந்து, சில ஆண்டுகளில் மேட்டில் ஏறும்போதும் குடம் தூக்கும்போதும் இளைப்பு வாங்குகிறது. ‘வயதாகிவிட்டது’ என்று அவர்களும் வீட்டாரும் அதைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். இறுதியில் மருத்துவர் பரிசோதித்து, ‘நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்’ என்று சீட்டில் எழுதித் தருகிறார். சி.ஓ.பி.டி. என மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 35 இலட்சம் மக்கள் இந்நோயால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எழுபது வயதுக்குள் இதனால் இறப்போரில் பத்தில் ஒன்பது பேர் வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆதலின் இது நம் ஊர்களின் நோய். இதனைப் பற்றிய அறிவு நமக்கு இன்றியமையாதது.

அச்சமும் உண்மையும்

சென்னைக்குத் தெற்கே, அடையாற்றின் கரையில் அமைந்தது அனகாபுத்தூர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாக விளங்கும் இவ்வூர் கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. ‘மதராஸ் கைக்குட்டை’ என்னும் கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் இங்கு நெய்யப்பட்டு நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. இவ்வட்டாரத்து மக்கள் மார்பு நோய் என்றால் உடனே நினைப்பது தாம்பரம் சானடோரியத்தையே. டாக்டர் சவுரி முத்து என்பவர் 1928-இல் காச நோயாளிகளுக்கென நிறுவிய அவ்விடுதியை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனையாகப் பலவகை நுரையீரல் நோய்களுக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. எனினும் ‘சானடோரியத்துக்குப் போ’ என்று மருத்துவர் சொன்னால், ‘காசநோயோ?’ என்ற திகில் குடும்பத்தைப் பற்றிக்கொள்கிறது. நோயாளியின் தட்டும் பாயும் தனியாக வைக்கப்படுகின்றன. பேரக் குழந்தைகள் அருகில் வரத் தடை விதிக்கப்படுகிறது.

இவ்வச்சம் வேண்டாதது. காசநோய் கிருமியால் வருவது, பிறருக்குத் தொற்றக்கூடியது. நுரையீரல் அடைப்பு நோய் தொற்றுவதில்லை. உடன் உண்பதாலும் உறங்குவதாலும் அது எவருக்கும் வாராது. ஆயினும் இருவாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். முன்பு காசநோய் கண்டு குணமானவர்க்கும் அதன் வடுவால் பிற்காலத்தில் மூச்சடைப்பு வரக்கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சாதாரணமாகக் காசநோய்க்கு ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்டால் சிகிச்சை முடிவுறும். நுரையீரல் அடைப்பு நோய்க்கு அத்தகைய முடிவு நாள் இல்லை. காசநோய்க்குப் பழகிய குடும்பத்தார் இங்கேதான் தவறுகின்றனர். இரண்டு மாதம் மருந்து எடுத்து இளைப்புத் தணிந்தவுடன் ‘குணமாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுகின்றனர். அடுத்த மழைக்காலத்தில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. அத்தகைய ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் நுரையீரல் சற்று வலுக் குன்றியே எழுகிறது.

நோயின் தன்மை

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால் தூர்ந்து போனால் கடைமடைக்கு நீர் எட்டாது. அதுபோல் பல ஆண்டுகள் புகையும் தூசும் பட்ட மூச்சுக் குழல்கள் தடித்துச் சுருங்குகின்றன. உள்ளே சளி தேங்குகிறது. குழல்களின் நுனியிலுள்ள நுண்ணிய காற்றறைகளும் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளிவர இயலாமல் தங்கிவிடுவதால் புதுக் காற்றுக்கு இடமில்லாது போகிறது. இளைப்பு இதனால் உண்டாவதே.

பீடியும் சிகரெட்டும் இதற்குப் பெருங்காரணங்கள். ஆனால் புகைபிடித்தலையே அறியாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. காற்றோட்டமில்லாத அடுக்களையில் விறகு, வறட்டி, சுள்ளி எரித்துப் பல்லாண்டு சமைத்தவர் விழுங்கிய புகை சிறிதன்று. கல்லுடைக்கும் இடத்துத் தூசும், பஞ்சாலைத் தூசும், நெல் தூற்றும் களத்துத் தூசும் நுரையீரலுக்குப் பகையே. ஆதலால் மருத்துவரிடம் செல்பவர் தாம் செய்த தொழில்கள் யாவற்றையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

நோயை உறுதி செய்வது ‘ஸ்பைரோமெட்ரி’ என்னும் ஊதிப் பார்க்கும் சோதனை. மூச்சை நன்கு இழுத்துக் குழாயில் வேகமாக ஊதும்போது, முதல் வினாடியில் வெளிவரும் காற்று எவ்வளவு என்பதைக் கருவி கணக்கிடுகிறது. இதில் வலி இல்லை. ஸ்டெதாஸ்கோப்பாலும் எக்ஸ்ரேயாலும் மட்டும் இந்நோயை உறுதி செய்ய இயலாது.

நோயாளி செய்ய வேண்டியவை

முதலாவது, புகையை அறவே விடுதல். இலண்டனில் 1961 முதல் எட்டு ஆண்டுகள் ஆடவர் பலரின் மூச்சு வலிமையை அளந்து வந்த பிளெட்சர், பீட்டோ என்னும் அறிஞர்கள் 1977-இல் தம் முடிவை வெளியிட்டனர். புகைபிடிப்பதை நிறுத்தியவர்க்கு இழந்த வலிமை மீண்டு வரவில்லை. ஆனால் மேலும் இழக்கும் வேகம், புகை பிடிக்காதவரது அளவுக்குக் குறைந்தது. ஆகவே அறுபது வயதில் விட்டாலும் பயன் உண்டு. விடமுடியாமல் தவிப்போர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா அரசு உதவி எண்ணை நாடலாம்.

இரண்டாவது, இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்துதல். ‘இதைத் தொட்டால் பழக்கமாகிவிடும்’ என்ற பேச்சு தவறு. மாத்திரை உடலெங்கும் பரவுகிறது. இன்ஹேலர் மருந்தோ குறைந்த அளவில் நேரே மூச்சுக் குழலை அடைகிறது. அழுத்தி உறிஞ்சும் வகையாயின் முதலில் நன்கு குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் பொருத்தி அழுத்தும் கணத்திலேயே மெல்ல ஆழ்ந்து இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குதல் வேண்டும். முதியோர்க்கு ‘ஸ்பேசர்’ என்னும் குடுவை எளிது. ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின் பின்னர் வாய் கொப்பளித்தல் அவசியம். நாள்தோறும் எடுப்பது எது, இளைப்பு வரும்போது எடுப்பது எது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு, குப்பிகளில் அடையாளமிட்டு வைத்தல் நலம்.

மூன்றாவது, மூச்சுப் பயிற்சியும் நடையும். மூக்கால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து, எதிரே உள்ள அகல்விளக்கின் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு மெதுவாக ஊதுதல் வேண்டும். இழுத்த நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் ஊதினால் தேங்கிய காற்று வெளியேறும். இளைப்புக்கு அஞ்சிக் கட்டிலிலேயே கிடந்தால் தசைகள் மெலிந்து இளைப்பு மிகும். மருத்துவர் அனுமதித்த அளவில் நாள்தோறும் நடந்து, சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுதலே தக்கது.

நான்காவது, உணவும் தடுப்பூசியும். ஒரே வேளையில் வயிறு புடைக்க உண்டால் மூச்சு முட்டும். சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணலாம். பருப்பு, முட்டை, மீன் முதலியன மெலிவைத் தடுக்கும். ஆண்டுதோறும் இன்புளுயன்சா தடுப்பூசியும், மருத்துவர் கூறும் முறையில் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுதல் நன்று.

சளி மிகுந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், வழக்கத்தைவிட இளைப்பு கூடினாலும் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். உதடு நீலம் பாய்தல், பேச இயலாமை, மயக்கம் ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். உடனே 108-ஐ அழைக்கவும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர் அடுப்பு, விளக்கு, பீடி நெருப்பு எதனையும் அதனருகே கொண்டுசெல்லலாகாது.

வீடே சிகிச்சை நிலையம்

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தது. நெருக்கடியான வீடுகளிலும் எளிய உணவுடன் ஒழுங்காக மருந்துண்டவர், விடுதியில் இருந்தவரைப் போலவே தேறினர் என்னும் முடிவு 1959-இல் வெளியாகி உலகின் சிகிச்சை முறையையே மாற்றிற்று. நோய் வேறாயினும் அப்பாடம் நமக்கும் உரியது. நுரையீரல் அடைப்பு நோயாளி ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டில்தான். அங்கே புகையில்லாத அடுக்களையும், தவறாத மருந்தும், கடிந்துரைக்காத சுற்றமும் இருந்தால் மருத்துவமனையில் படுக்கும் நாட்கள் குறையும்.

வீட்டுக்கு வெளியே உள்ள காற்று ஊராட்சியின் பொறுப்பு. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று எழுந்த புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமான நிலையத்தை அடுத்த அனகாபுத்தூரிலும் பல்லாவரத்திலும் உள்ள நோயாளிகள் எங்கே திரும்பிச் செல்வர்? டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தும் வழக்கத்தை ஊரே கூடி நிறுத்துவதுதான் வழி.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் இன்னும் விறகடுப்பில் சமைக்கும் வீடுகள் எத்தனை? அவற்றுக்கு எரிவாயு இணைப்போ, புகைபோக்கியோ கிடைக்கச் செய்ய என்ன தடை?

2. குப்பையை எரிப்போர் எவர்? எரிக்காமல் அகற்ற ஊராட்சி செய்துள்ள ஏற்பாடு போதுமானதா?

3. ஊதிப் பார்க்கும் சோதனை நமக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனையில் உண்டு? முதியோரை அங்கு அழைத்துச் செல்பவர் யார்?

4. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளரிடம், நீடித்த இருமலும் இளைப்பும் உள்ளவர்களின் பெயர்களைத் தெரிவித்துள்ளோமா?

5. களத்திலும் கல்வேலையிலும் உழைப்போர்க்கு முகமூடியும், தூசு எழாமல் தெளிக்க நீரும் கிடைக்கின்றனவா?

இவ்வினாக்களுக்கு அடுத்த கிராம சபையில் விடை காண முற்படும் ஊராட்சி, தன் மக்களின் மூச்சைக் காத்த பெருமைக்கு உரியதாகும்.