கத்திக்கு வயசு சொல்வது எப்படி?

எங்க வீட்டுப் பரணில் ஒரு பழைய வேட்டைக் கத்தி இருக்கு. "இது சிப்பாய்க் கலகத்தப்போ வெள்ளைக்கார துரை எங்க தாத்தாவுக்குக் கொடுத்தது" என்று என் தாத்தா எல்லாரிடமும் சொல்லுவார். சிப்பாய்க் கலகம் நடந்தது 1857-ல். போன லீவில் அந்தக் கத்தியை ஆராய்ந்தேன். அப்போது ஒரு பெரிய தப்பும் செய்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டு இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதில் கி.பி. 919, 921 என்று எழுதியிருக்காது. முதலாம் பராந்தகனின் 12-வது, 14-வது ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும். ராஜா எப்போது பட்டத்துக்கு வந்தார் என்று தெரிந்தால் வருஷம் தெரிந்துவிடும். கத்திக்கும் இதே வழிதான்.

1. முத்திரையைத் தேடணும்.
கைப்பிடியை ஒட்டின அலகின் அடியில் செய்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருப்பார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர் கத்திக்குப் பெயர் பெற்றது. அங்கே ரோட்ஜர்ஸ் என்ற கம்பெனி அரண்மனைக்கே கத்தி செய்து கொடுத்தது. அதனால் ராஜா, ராணி பெயரின் முதல் எழுத்தையும் கிரீடத்தையும் கத்தியில் போட்டது. வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி (1837–1901). ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு (1901–1910). ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். இதில் கவனம் வேணும், ஏன்னா ஜார்ஜ் என்ற பெயரில் பல ராஜாக்கள் இருந்தார்கள்.

2. நாட்டின் பெயர் இருக்கா?
வெளிநாட்டிலிருந்து வரும் சாமானில் அது எந்த நாட்டுச் சாமான் என்று போட்டிருக்க வேண்டும் என்று 1890-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் பெயரோடு 'இங்கிலாந்து' என்றும் வெட்டுவது வழக்கமாச்சு. அதனால் இங்கிலாந்து என்று இருந்தால் பெரும்பாலும் 1890-க்குப் பிறகு வந்த கத்தி.

3. என்ன உலோகம்?
துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ல் கண்டுபிடித்தார். கத்தியில் 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் அதற்கு முந்தினதாக இருக்கவே முடியாது. ஆனால் துருப்பிடித்திருக்கு என்பதற்காகப் பழசு என்று சொல்லிவிடக் கூடாது. போன மாதம் வாங்கின அரிவாள்கூட மழையில் கிடந்தால் துருப்பிடிக்கும்.

4. கைப்பிடி என்ன?
மான் கொம்பு என்றால் வெளியே சொரசொரப்பாக, உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். நம்ம நாட்டுக் கடமான் கொம்பே கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போய்க் கைப்பிடியாகி இருக்கிறது. எலும்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி தெரியும். பழைய ரேடியோப் பெட்டி செய்த பேக்கலைட்டாக இருந்தால் அது 1907-ல் கண்டுபிடித்தது. ஆனால் கைப்பிடியை யாராவது பிறகு மாற்றியிருக்கலாம். அதனால் கைப்பிடியை மட்டும் நம்பக் கூடாது.

எல்லா வேட்டைக் கத்தியும் சீமையிலிருந்து வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்பவர் பெயரில் வேட்டைக் கத்தியும் பன்றி குத்தும் ஈட்டியும் செய்தார்கள். வெள்ளைக்காரர்களே அதை விரும்பி வாங்கினார்கள். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலை இரும்புத் தாதுக்குப் பேர் போனது. அந்தக் கத்தியில் பெயர் இங்கிலீஷில் 'அர்னாசெல்லம், சேலம்' என்று படிக்கிற மாதிரி இருக்கும். நம்ம ஊர்க் கொல்லர் பெயர் இருந்தால் மட்டம் என்று யாரும் நினைக்கக் கூடாது. பழைய ஆயுதம் சேர்ப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். காயலான் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை கேட்டார். பளபளப்பாக இருந்தால் கூட விலை கொடுப்பார் என்று நினைத்து செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். துரு போச்சு. துருவோடு முத்திரையின் மேல் பாதியும் போச்சு! லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலே கிரீடம் மாதிரி ஒரு வளைவு, கீழே 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' அவ்வளவுதான் தெரிகிறது. கிரீடத்துப் பக்கத்தில் இருந்த எழுத்து தெரிந்திருந்தால் எந்த ராஜா என்று சொல்லியிருப்பேன். ஒரு நூறு வருஷம் துருகூட அழிக்காததை நான் அரை மணியில் அழித்துவிட்டேன்.

தாத்தாவிடம், "இது 1857-ல் வந்த கத்தி இல்ல தாத்தா, 1890-க்கு அப்புறம் வந்தது" என்று சொன்னேன். சொல்லவே பயமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எங்க தாத்தா பொய் சொன்னாரா?" என்றார். "கொடுத்தது நிஜமா இருக்கும், வருஷம்தான் மாறியிருக்கு" என்றேன். "சரிம்மா, காயலான் கடைக்குப் போட வேணாம், எடுத்து வை" என்றார்.

ஆகவே நண்பர்களே, உங்க வீட்டில் பழைய கத்தி, காசு, செம்பு எது இருந்தாலும் முதலில் தேய்க்காதீங்க. மெல்லிய துணியால் தூசி மட்டும் துடைத்து, எழுத்து இருந்தால் நோட்டில் அப்படியே வரைந்து வையுங்க. 100 வருஷத்துக்கு மேல் ஆன தொல்பொருளை இஷ்டத்துக்கு விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி கூடாது. தந்தம், கடமான் கொம்பு வைத்த பொருளை விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தாத்தா சொல்வது கதை. பொருள் சொல்வது சாட்சி. இரண்டையும் கேட்கணும், சாட்சியை மட்டும் அழிக்கக் கூடாது.



— 9-ஆம் வகுப்பு மாணவி, ஏனாத்தூர்