காய் நகர்த்தலும் கடிகாரமும்

ஜார்ஜ்டவுனில் நடைபெறும் மாணவர் சதுரங்கப் போட்டியாயினும் உலக வெற்றியாளர் போட்டியாயினும் பலகையின் அருகே ஒரு கடிகாரம் இருக்கும். அதில் இருவருக்கும் தனித்தனியே நேரம் காட்டப்படும். காயை நகர்த்தியவர் பொத்தானை அழுத்தியதும் அவருடைய நேரம் நின்று, எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். ஆகவே, ஆட்டக்காரர் எதிராளியோடு மட்டுமன்றிக் காலத்தோடும் போராடுகிறார். அப்படியாயின், சிந்திக்கும் நேரம் கூடினால் ஆட்டத்தின் தரமும் கூடுமா?

கிறிஸ்டோபர் சாப்ரிஸ், எலியட் ஹர்ஸ்ட் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் இதைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். கிராண்ட்மாஸ்டர்கள் விரைவு ஆட்டங்களிலும் நீண்டநேர ஆட்டங்களிலும் செய்த பிழைகளை அவர்கள் கணினியின் துணையோடு ஒப்பிட்டனர். நீண்டநேர ஆட்டங்களில் பெரும்பிழைகள் குறைவாக இருந்தன. தேர்ந்த ஆட்டக்காரர், தாம் முன்பு கண்ட நிலைகளை நினைவில் கொண்டு தகுந்த நகர்வை விரைவாகக் கண்டுகொள்கிறார். ஆனால், அதற்கு எதிராளி என்ன பதில் தருவார் எனச் சரிபார்ப்பதற்கு நேரம் தேவை. நேரம் சுருங்கும்போது இச்சரிபார்ப்பும் சுருங்குகிறது.

இவ்வுண்மையை 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வெற்றியாளர் போட்டி நன்கு உணர்த்தியது. அதில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீனாவின் டிங் லிரெனை எதிர்த்து ஆடினார். முதல் 40 நகர்வுகளுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடங்கள் வழங்கப்பட்டன. மூன்றாம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே டிங் அதிக நேரத்தைச் செலவிட்டார். பின்னர் அவரது நிலை சரிந்தது. 40 நகர்வுகளை முடிக்குமுன் நேரமும் தீர்ந்தது. குகேஷ் வென்றார்.

டிசம்பர் 12ஆம் நாள் நடைபெற்ற பதினான்காம் ஆட்டத்தின்போது இருவரும் சமப் புள்ளிகளில் இருந்தனர். சமநிலையில் முடியக்கூடிய அந்த ஆட்டத்தில், குகேஷைவிட மிகக் குறைந்த நேரமே வைத்திருந்த டிங், 55ஆம் நகர்வில் தம் கோட்டைக் காயைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அப்பிழையை உடனே பயன்படுத்திக்கொண்டார். 18 வயதில் அவர் உலக வெற்றியாளரானார்.

எனினும், விரைந்து ஆடுவது எப்போதும் குறையாகாது. ஐந்து முறை உலக வெற்றியாளரான விசுவநாதன் ஆனந்த், இளமையிலேயே மின்னல் வேக ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். தமது 48ஆம் வயதில், 2017ஆம் ஆண்டின் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் வென்றார். அவருடைய வேகம் பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு, அவசரத்தின் விளைவன்று.

ஆகவே, நேரம் மிகுதியாக இருப்பது மட்டும் போதாது. பழகிய நிலைகளில் விரைந்து ஆடி, சிக்கலான கட்டத்துக்கு நேரத்தைச் சேமிக்க வேண்டும். காயைத் தொடுமுன், “இதற்கு எதிராளி என்ன செய்வார்?” என ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சில விநாடிகளே பல ஆட்டங்களின் முடிவை மாற்றுகின்றன.