செய்தியைச் சொல்வது யார்? நாமும்தான்!



முன்னுரை

முன்னாடியெல்லாம் செய்தி ஒரே பக்கமாகத்தான் ஓடும். பத்திரிகை ஆபீசில் அச்சடிப்பார்கள், டீக்கடை பெஞ்சில் நம் தாத்தாக்கள் படிப்பார்கள். நாம் பதில் சொல்ல வேண்டுமென்றால் தபால் கார்டில் ‘ஆசிரியர் அவர்களுக்கு’ என்று எழுதிப் போட வேண்டும். அது அச்சில் வந்தாலும் வரும், வராமலும் போகும். இன்று செல்போனும் இன்டர்நெட்டும் இருக்கிறவர்கள் எல்லோருமே செய்தி சொல்லலாம். இது நல்லதா, கெட்டதா? நம் தமிழ்நாட்டில் நடந்ததை வைத்தே பார்ப்போம்.

பத்திரிகை அச்சாகாத நாள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் பேய்மழை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போகவே முடியவில்லை. அதனால் 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. அந்த நேரத்தில் சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தத் தெருவில் கழுத்தளவு தண்ணீர், எந்த வீட்டு மாடியில் ஆள் மாட்டியிருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும், யார் வீட்டில் தங்க இடம் உண்டு என்று இன்டர்நெட்டில் எழுதினார்கள். இன்னும் சிலர் அதையெல்லாம் தொகுத்துப் பட்டியல் போட்டார்கள். டிவிக்காரர்களும் படகு கொண்டு போனவர்களும் அதைப் பார்த்துப் பயன்படுத்தினார்கள். அன்று சென்னை ஜனங்களே நிருபர்களாக இருந்தார்கள்.

வாடிவாசலில் இருந்து டெல்லி வரை

அடுத்தது நம்ம பக்கத்துச் செய்தி. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் மாடு பிடிக்கிற ஊர்கள் உண்டு. காளையைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். (காளைக்கு வலிக்கும், அதனால் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அது தனிப் பட்டிமன்றம்!)

2017 ஜனவரியில் நாமெல்லாம் ரொம்பச் சின்னப் பிள்ளைகள். ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் கூடி விடியவிடிய உட்கார்ந்தவர்களைப் போலீசார் பிடித்தார்கள். அந்தப் படங்கள் பேஸ்புக், வாட்ஸ்அப்பில் பரவின. மறுநாள் சென்னை மெரினா கடற்கரையில் மாணவர்கள் கூடினார்கள். பிறகு மதுரை தமுக்கம், கோவை வ.உ.சி. மைதானம் என்று எங்கே பார்த்தாலும் கூட்டம். ராத்திரியில் எல்லோரும் செல்போன் லைட்டைத் தூக்கிப் பிடித்த படம் எல்லா ஊருக்கும் போனது. அதற்குப் பிறகு டெல்லி சேனல்களும் கேமராவை இந்தப் பக்கம் திருப்பின. ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் அதே 23-ஆம் தேதி மெரினாவில் இருந்தவர்களைப் போலீசார் அப்புறப்படுத்தியபோது கலவரமாகிவிட்டது. போலீஸ் உடையில் இருப்பவர்கள் ஆட்டோவுக்குத் தீ வைப்பது போன்ற செல்போன் வீடியோக்கள் வெளியே வந்தன. டிவிக்களும் அதைக் காட்டின. அன்று நடந்ததை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி இராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். செல்போன் இல்லாத காலமாக இருந்தால் ஒரு தரப்புச் செய்தி மட்டும்தானே நமக்குக் கிடைத்திருக்கும்?

இது எப்படி நடக்கிறது?

1. பார்த்தவர் படம் எடுக்கிறார்.
2. தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறார்.
3. நிறையப் பேர் பகிர்ந்ததும் பத்திரிகை, டிவிக்காரர்கள் கண்ணில் படுகிறது.
4. நிருபர் நேரில் போய், உண்மையா என்று விசாரிக்கிறார்.
5. செய்தியாக வருகிறது. அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

இதில் நாலாவது படிதான் முக்கியம். அதைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்று கீழே படியுங்கள்.

நாலாவது படியைத் தாண்டினால்...

2018-இல் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், சாமி கும்பிட வந்த ஒரு குடும்பத்துப் பாட்டி சின்னப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றுவிட்டது. அவர்கள் யாரையும் கடத்த வரவில்லை. அந்த வருடம் இந்தியாவில் பரவிய ஒரு வீடியோ, பாகிஸ்தானில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திருப்பி விடுகிற பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்!

2023 மார்ச்சில் இன்னொன்று. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. சில வட இந்தியப் பத்திரிகைகளிலும் அது செய்தியாகவே வந்துவிட்டது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பியது. விசாரித்தால், ஒரு வீடியோ திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை. ஆனால் அதற்குள் எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்களோ! நம்ம வேடசந்தூர் பக்கத்து மில்லுகளிலும் வடமாநில அண்ணன்களும் அக்காக்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஊரில் அவர்களுடைய அம்மா அந்த வீடியோவைப் பார்த்து எப்படித் துடித்திருப்பார்?

எங்க தெருவிலேயே ஒரு தடவை போர்வை விற்க வந்த வடநாட்டு அண்ணனை நாலைந்து பேர் சுற்றி நின்று ‘பையைக் காட்டு’ என்று மிரட்டினார்கள். எல்லோர் கையிலும் அதே வாட்ஸ்அப் மெசேஜ். எதிர்வீட்டு அப்பத்தா மட்டும், “ஏன்டா, போன வருசமும் இவன்தானடா போர்வை குடுத்தான், எனக்குத் தெரியாதா?” என்று அதட்டித் தண்ணீர் கொடுத்தார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாலாவது படி தெரிந்திருக்கிறது.

சாதா போன் போதும்

ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் என்ன செய்வது? சத்தீஸ்கரில் 2010-இல் ‘சிஜிநெட் ஸ்வரா’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கியவர் சுப்ரான்ஷு சவுத்ரி என்ற பத்திரிகையாளர். காட்டுக்குள் இருக்கும் பழங்குடி மக்கள் சாதாரண போனிலேயே கூப்பிட்டு, கோண்டி மொழியிலும் செய்தி சொல்லலாம். சம்பளம் வரவில்லை, குழாய் ஓடவில்லை என்று அவர்கள் சொல்வதைச் சரிபார்த்து வெளியிடுவார்கள். அதைக் கேட்கிறவர்கள் அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். படிக்காதவர்கள் குரலும் செய்திதான் என்று அது காட்டியது.

நாம் செய்ய வேண்டியவை

* ஒரு மெசேஜ் வந்தால் முதலில் கேளுங்கள்: எந்த ஊர்? எந்தத் தேதி? யார் பார்த்தது?
* ‘உடனே எல்லோருக்கும் அனுப்பு’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
* பழைய படமா என்று இன்டர்நெட்டில் தேடச் சொல்லுங்கள். பொய்ச் செய்திகளைக் கண்டுபிடித்துச் சொல்ல ‘யூடர்ன்’ இருக்கிறது. 2023-இல் தமிழக அரசும் ‘தகவல் சரிபார்ப்பகம்’ தொடங்கியது.
* நம் ஊரில் ஒரு குறை என்றால் படத்தோடு ஊர், தேதி, நேரம் எழுதுங்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள்.
* அடுத்தவர் முகத்தை, அதுவும் பெண் பிள்ளைகள் படத்தை, அவர்களைக் கேட்காமல் போடவே கூடாது.

முடிவுரை

கத்தி காய் நறுக்கவும் ஆகும், கையை அறுக்கவும் ஆகும். செல்போனும் அப்படித்தான். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தச் சுவர் இதழும் நாம் நடத்தும் பத்திரிகைதான். இதில் எழுதும் நாமும் விசாரித்துத்தான் எழுத வேண்டும்.

யோசித்துச் சொல்லுங்கள்: நம் ஊரைப் பற்றி வெளியே தெரிய வேண்டிய ஒரு உண்மைச் செய்தி எது? ஒரு தாளில் எழுதி, யாரிடம் விசாரித்தீர்கள் என்பதையும் சேர்த்து, தமிழ் அம்மாவிடம் கொடுங்கள். அடுத்த மாத இதழில் ஒட்டுவோம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி